அக்கா எடுத்து அனுப்பிய பதினோரு படத்துண்டுகள்

1

என் அப்பாவுக்குப் போன வாரம் ஒரு சான்றிதழ் வந்தது. மாலை நேர வகுப்பில் ஆவணப்படம் எடுக்கக் கற்றுத் தேறியிருக்கிறார் என்று ஜெர்மன் மொழியில் கெட்டித் தாளில் அச்சடித்து, முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். அப்பா சிவகாசியில் தீப்பெட்டிக் கம்பெனி லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர். காமிராவைக் கையால் தொட்டதில்லை. அவர் இறந்தே ஆறு வருடம் ஆகிறது.

என் பெயர் செல்வம். அப்பா பெயர் குருசாமி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதியதோடு சரி, இந்த நாட்டில் நான் குருசாமி ஆகிவிட்டேன். வங்கியில், ஆஸ்பத்திரியில், மகளின் பள்ளிக்கூடத்தில் எல்லா இடத்திலும் திரு. குருசாமிதான். வந்த புதிதில் யாரோ அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். இப்போது அப்படித் தோன்றுவதில்லை.

சான்றிதழ் வந்த அன்றோடு நாங்கள் பிரேமன் நகரத்துக்கு வந்து பதினாலு வருடம் முடிந்தது. மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. இரண்டு வயதுக் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தவன் நான். சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் அச்சடித்தவனுக்கு இங்கே அட்டைப்பெட்டி வெட்டும் மெஷினில் வேலை. காலை ஆறு மணிக்கு ஏறினால் இரண்டு மணிக்கு இறங்குவேன். மெஷின் சத்தத்துக்குக் காதை அடைத்துக்கொள்ளக் குமிழ் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் கழற்ற மறந்து, மனைவி பேசுவது கேட்காமல் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

என்னுடையது மெஷினடியில் பழகிய ஜெர்மன். அங்கே எல்லோருக்கும் எல்லோரும் ‘நீ’தான். அந்தப் பழக்கத்தில், விசா நீட்டிப்புக்குப் போன இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த பெரிய அம்மாளிடம், “நீ என் ஃபைலைப் பார்த்தாயா?” என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அரசாங்க ஆபீஸ்களில் நான் பேசுவது குறைந்துபோனது.

2

படம் எடுக்கிற வகுப்பில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வீட்டில் மூன்று பேர். மனைவிக்கு ஒரு ஷிப்ட், எனக்கு ஒரு ஷிப்ட், மகள் கயலுக்குப் பதினாறு வயது. அவள் அறைக்கதவு ஒரு தனி நாடு, விசா எளிதில் கிடைக்காது. நூலகத்தில் ஒரு துண்டுத்தாள் பார்த்தேன். ‘உங்கள் வாழ்க்கையை நாட்குறிப்பு போலப் படமாக்குங்கள், பழைய வீடியோக்களைக் கொண்டுவாருங்கள்’ என்று போட்டிருந்தது. என்னிடம் பழைய வீடியோ நிறைய இருந்தது.

முதல் தடவை ஊருக்குப் போனபோதே ஒரு காமிரா வாங்கிக்கொண்டு போனேன். அதன் பிறகு போன தடவையெல்லாம் எடுத்தேன். மொத்தம் ஏழு மணி நேரம் இருக்கும். வகுப்பு நடத்திய கார்லா அம்மாள் அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அறுபது வயதுக்காரர், பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். போட்டோம். ஏழு மணி நேரமும் எங்கள் ஆட்கள் ரேஷன் கார்டுக்குப் போட்டோ பிடிக்கிற மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சித்தப்பா நிற்கிறார். அப்பா நிற்கிறார். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி மட்டும் நடக்கிறது. பின்னணியில் என் குரல் கேட்கிறது: “பேசுங்க, பேசுங்க, இது வீடியோ.” அதைக் கேட்டு அவர்கள் இன்னும் விறைக்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கார்லா அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: “இதில் இல்லாதது எது?”

யோசிக்காமலே வாயில் வந்தது. “அக்காவின் கை” என்றேன்.

3

என் அக்கா சுப்புத்தாய். என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு வெடிமருந்து அடைக்கிறாள். பதினேழு வயதில் போக ஆரம்பித்தவள், இன்றைக்கும் போகிறாள். அத்தான் தவறிவிட்டார். மகன் திருப்பூரில் இருக்கிறான். வீட்டில் அவள் தனிதான்.

சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து அவள் இறங்கும்போது முழங்கை வரைக்கும் வெள்ளி பூசியது போல இருக்கும். அலுமினியத் தூள். முகத்தில், இமையில், காதோரத்தில் எல்லாம் மினுங்கும். சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் நிற்கும். சனிக்கிழமை அந்தக் கையில்தான் எனக்குப் புரோட்டாப் பொட்டலம் தொங்கும். பிரேமனில் குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருப்பதைப் பார்த்தால்கூட எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

ஆனால் ஏழு மணி நேர வீடியோவில் அது இல்லை. காரணம் நான்தான். காமிராவை எடுக்கும்போதெல்லாம், “போய்க் குளிச்சிட்டு நல்ல சேலையாக் கட்டிட்டு வாக்கா, அங்க எல்லாரும் பாப்பாங்க” என்று அவளை உள்ளே அனுப்பியிருக்கிறேன். அவளும் போய்க் குளித்து, பீரோவிலிருந்து பட்டுச்சேலை எடுத்துக் கட்டி, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. வேறென்ன சொல்ல?

ஆக, ஆடி மாதம் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து டிராமில் வரும்போது அக்காவைக் கூப்பிட்டேன். ஊரில் மாலை ஐந்தே முக்கால் மணி. மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிற ஆள் நடுவாரத்தில் கூப்பிட்டதும் அவள் பதறிப்போனாள்.

“என்னலே, பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்லக்கா. நீ வேலை பாக்குறத ஒரு அரை நிமிசம் வீடியோ எடுத்து அனுப்பேன். கை தெரியணும். ஒரு படம் எடுக்கேன், அதுக்கு.”

“என் வேலையவா? குளிக்காமயா?”

“குளிக்காமத்தான்.”

“எடுத்து என்னலே செய்யப் போற?” என்றாள். பிறகு அவளே, “சரி, பாக்கேன்” என்றாள்.

மறுநாளே வந்துவிட்டது. நாற்பது விநாடி. போனை எதிலோ சாய்த்து வைத்திருக்கிறாள். தகரக்கூரைக்கடியில் நாலு பெண்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. ஒரு கை புஸ்வாணக் கூட்டை நிறுத்துகிறது, மறு கை மருந்தை அள்ளிப் போட்டு மரக்குச்சியால் அடைக்கிறது. திறந்த வாசலிலிருந்து வெயில் வந்து அந்தக் கைகளில் விழுகிறது. அக்கா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, “எடுக்குதா?” என்று கிசுகிசுப்பாகக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். விறைப்பு இல்லை. அவ்வளவுதான் படம்.

வகுப்பில் போட்டுக் காட்டினேன். இந்தப் படத்துக்கு உயிர் இதுதான் என்றார் கார்லா அம்மாள்.

4

பிறகு எனக்கு ஆசை வந்துவிட்டது. வேலைக்காரனுக்குக் கலைஞன் என்ற நினைப்பு வந்தால் என்ன செய்வானோ அதையெல்லாம் செய்தேன். ஒவ்வொரு நாளும் இரண்டேகால் மணிக்கு டிராமில் ஏறியதும் அக்காவைக் கூப்பிடுவேன். வெளிச்சம் போதவில்லை, மதியத்துக்கு முன்னால் எடு. படம் ஆடுகிறது, எதிலாவது நன்றாகச் சாய்த்து வை. கிட்டத்தில் எடு. இன்னும் கிட்டத்தில். அவள், “சரிலே, சரிலே” என்பாள். சாப்பிட்டாயா என்று கேட்பாள். அன்று என்ன குழம்பு என்று சொல்வாள். போர்மேன் அண்ணாச்சி யாரைத் திட்டினார், பக்கத்தில் உட்காரும் ராமுத்தாயின் மகளுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் எல்லாம் சொல்வாள். நான் பாதி கேட்பேன். மறுநாள் புதுத் துண்டு வரும்.

இந்த ஊரில் ஒருவர் முகம் படத்தில் தெரிந்தால் அவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். இரண்டு பக்கம். கையெழுத்துகளை அக்கா வாங்கி, போட்டோ பிடித்து அனுப்பினாள். படிவத்தின் கடைசியில் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. ‘படம் எடுத்த இடத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெறப்பட்டதா?’ ‘ஆம்’ என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டேன். இங்கே பதினாலு வருடத்தில் எத்தனையோ படிவம் நிரப்பியாயிற்று. எந்தக் கட்டத்தில் குறி போட்டால் மறு கடிதம் வராது என்று கைக்கே தெரியும்.

படத்துக்குப் பின்னணியில் நான் பேசுவதற்கு ஒரு குறிப்பும் எழுதினேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நானும் அதே கம்பெனியில் இரண்டு வருடம் லேபிள் ஒட்டியிருக்கிறேன். அந்த ஞாபகம். காலையில் கேட்டருகே ஒரு மரப்பலகை இருக்கும், அதில் எல்லோர் வீட்டுச் சாவியும் வரிசையாகத் தொங்கும், காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதிச் சிணுங்கும் என்று எழுதியிருந்தேன். எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

5

படத்துக்கு அடியில் எழுத்துப் போடுகிற வேலையைக் கயலிடம் கொடுத்தேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஜெர்மனில் தட்ட வேண்டும். சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். மணி சாயங்காலம் ஏழு. கோடை என்பதால் வெளியே நல்ல வெயில். அன்று மதியம்தான் பதினோராவது துண்டைப் பார்த்துவிட்டு, “நாளைக்கு ஒரே ஒரு தடவை பக்கவாட்டுல வச்சு எடுக்கா, அதோட முடிஞ்சது” என்று சொல்லியிருந்தேன்.

கயல் முதலில் கேட்டது இதுதான். “அப்பா, அத்தை ஏன் ரகசியமா பேசுறாங்க?”

“வேலை நேரம்ல. போர்மேன் திட்டுவார்.”

தட்டினாள். அடுத்து சாவிப் பலகை வந்தது. “ஏன் சாவியை வெளியில விடணும்? திருடமாட்டாங்களா?”

“இரும்பு உள்ள போகக் கூடாதும்மா. எங்கயாவது உரசிப் பொறி வந்தா, மருந்து பத்திக்கும். அதனால சாவி, ஊக்கு, தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும்...”

அவள் தட்டிக்கொண்டே வந்தாள். செல்போன் என்பதையும் தட்டிவிட்டு நிறுத்தினாள்.

“அப்போ அத்தை எப்படி எடுத்தாங்க?”

திரையில் அக்கா, ‘எடுக்குதா?’ என்று கேட்கிற இடத்தில் படம் நின்றிருந்தது.

எனக்குத் தெரியாதது இல்லை. கேட்டில் வாட்ச்மேன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். அறைக்குள் காலை வைக்கும் முன் வாசலில் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம்கூட மருந்துக்கு ஆகாது. நான் வேலை பார்த்த இரண்டாம் வருடம் பக்கத்துக் கம்பெனியில் ஒரு அறை வெடித்துப் போனது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஆள் திரும்பி வரவில்லை. அந்தச் சத்தம் கேட்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். இதெல்லாம் என் ஞாபகத்தில் இருந்தது. சாவி சிணுங்கியதும் இருந்தது. வெள்ளிக் கை இருந்தது. எது எதற்காக என்பது மட்டும் போயிருந்தது.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். ஊரில் பத்தரை மணி. சார்ஜ் தீராமலிருக்க அவள் ராத்திரி போனை அணைத்துவிடுவாள். வாட்ஸப்பில் குரல் பதிந்து அனுப்பினேன், ‘நாளைக்கு எடுக்காத, போனை வீட்டுல வச்சிட்டுப் போ’ என்று. ஒற்றை டிக் விழுந்தது. அப்படியே நின்றது. அவள் வீடியோ அனுப்பும்போது மட்டும்தான் நெட்டைப் போடுவாள்.

வேறு யாரையாவது கூப்பிடலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஊரில் இருப்பவர்களில் என்னிடம் இருந்த நம்பர் அக்காவுடையது ஒன்றுதான்.

அவள் எழுந்திருக்கிற நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு படுத்தேன். அடித்திருக்கும். அணைத்திருப்பேன். கண் விழித்தபோது வழக்கம்போல மணி ஐந்து. ஊரில் எட்டரை. அக்கா உள்ளே போயிருப்பாள்.

6

அதற்குப் பிறகு அவளைக் கூப்பிட முடியாது. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு நேரம் பிடித்தது. ஒருவேளை அவள் போனை அணைக்காமல் சட்டைக்குள் வைத்திருந்தால், நான் கூப்பிட்டால் அது அங்கே, அந்த நாலு பேருக்கு நடுவில், மருந்துக்கு மேலே அடிக்கும். என்னால் செய்யக்கூடியது கூப்பிடாமல் இருப்பது மட்டும்தான்.

ஷிப்டுக்குப் போனேன். காதில் குமிழை மாட்டிக்கொண்டு அட்டை வெட்டினேன். எட்டு மணி நேரம். பயந்தாயா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ஒன்றும் தோன்றவில்லை. அட்டை வந்தது, வெட்டினேன், அடுக்கினேன். இடைவேளையில் கூட வேலை பார்க்கிற துருக்கிக்காரர் கால்பந்து பற்றிப் பேசினார், பதில் சொன்னேன். காபியைக் குடித்தேனா, கொட்டினேனா என்று மட்டும் இப்போது நினைவில்லை. சிவகாசியில் ஏதாவது என்றால் செய்தியில் வரும் என்று போனைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நாலு பேர் என்றால் உடனே வராது என்றும் தோன்றியது.

இரண்டேகாலுக்கு டிராம் நிறுத்தத்தில் நின்று கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

“எடுத்துட்டேம்லே!” என்றாள். நல்ல உற்சாகம். “நீ சொன்னாப்புல பக்கவாட்டுல. ராமுத்தாயி கையும் விழுந்திருக்கு. அனுப்பட்டுமா?”

“அனுப்பாத.”

“ஏம்லே?”

கத்தினேன். நிறுத்தத்தில் நின்றவர்கள் தள்ளி நின்றுகொண்டார்கள். செத்துப்போயிருப்பாயே, அறையோடு போயிருப்பீர்களே, ராமுத்தாயி பிள்ளைக்கு யார் பதில் சொல்வது, உனக்கு அறிவில்லையா என்று என்னென்னவோ.

“எனக்குத் தெரியாதாலே?” என்றாள் அக்கா. “கேட்டுல போர்டு தமிழ்லதான எழுதியிருக்கு. சோத்துவாளிக்கு அடியில வச்சுத்தான் கொண்டுபோனேன்.”

“தெரிஞ்சுமா கொண்டுபோன?”

“நீயும் அங்கன வேலை பாத்தவன்தான. நீயே கேக்குறயே, அம்புட்டுக்கு அவசியம் இல்லாம கேப்பானான்னு நெனச்சேன். ஒனக்கு மறந்துபோயிருக்கும்னு நெனைக்கலலே.”

இனிமேல் கொண்டுபோக மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். அத்தான் பேரில் செய்தாள். அந்தப் பன்னிரண்டாவது துண்டை அழிக்கச் சொன்னேன். “சரிப்பா” என்றாள். எப்போதும் சொல்கிற ‘லே’ போய் ‘ப்பா’ வந்துவிட்டது.

7

மறு வகுப்பில் பதினோரு துண்டுகளையும் படத்திலிருந்து எடுத்துவிட்டேன். கார்லா அம்மாள் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு பேசினார். படமே போய்விடும், யோசியுங்கள் என்றார். உரிமையாளர் அனுமதி இல்லை, படிவத்தில் தவறாகக் குறி போட்டுவிட்டேன் என்றேன். உடனே அவர் புதுப் படிவம் எடுத்துக் கொடுத்தார். இந்த நாட்டில் எதையும் படிவத்தால் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

நூலகத்துக் கூடத்தில் திரையிட்டார்கள். முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள், பாதி நிறைந்தது. என் மனைவிக்கு டூட்டி. கயல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். சித்தப்பா நின்றார், அப்பா நின்றார், ஆட்டுக்குட்டி நடந்தது. பட்டுச்சேலையில் அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சிரித்தார்கள், கை தட்டினார்கள். இயக்கம், குருசாமி என்று போட்டார்கள். வெளியே வந்ததும் கயல், “அத்தை கை இல்லையே” என்றாள். இல்லை என்றேன். டிராமில் அன்று மட்டும் அவள் காதில் பாட்டை மாட்டிக்கொள்ளவில்லை.

நான் கத்திய அன்று டிராம் நிறுத்தத்தில், போனை வைக்கும் முன் அக்கா கடைசியாகச் சொன்னதை நான் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சத்தியமெல்லாம் வாங்கி முடித்து, வைக்கட்டுமா என்று கேட்டேன். வேனிலிருந்து இறங்கி நின்று பேசிக்கொண்டிருந்தாள் போல, பின்னால் ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது.

“கொண்டுபோகக் கூடாதுன்னு ரெண்டாம் நாளே ராமுத்தாயி சொன்னா. நான்தான் கேக்கல” என்றாள். “பதினாலு வருசத்துல இந்தப் பன்னெண்டு நாளுதான்லே நீ தெனமும் பேசுன.”

“இனி தினமும் பேசுறேன்க்கா” என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

இதை எழுதுகிற இன்று முப்பத்தெட்டாவது நாள். மூன்று தடவை பேசியிருக்கிறேன்.